‘பஸ்ஸே’ என்றால் பஸ் இல்லை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சீனி வருத்தத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி சீனியைப் பற்றியதே இல்லை, ஆஸ்பத்திரிகளில் தங்களுக்கு நடந்ததைப் பற்றி. அதனால் வாய்வுக்கும் மூட்டுவலிக்கும் மருந்து கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை இவற்றைத்தான் எடுக்கிறேன். வழக்கம்போலப் பெயர் போடவில்லை. திருகோணமலை சின்ன ஊர், பெயரைப் போட்டால் மறுநாள் மீன் சந்தையிலேயே விசாரணை தொடங்கிவிடும்.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 68 வயது. சீனி கூடிப்போய் வெளி மாவட்டத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பார்த்த டொக்டர் தங்கமான மனிதர், ‘அம்மே’ என்று கூப்பிட்டுத் தோளில் தட்டிக் கதைத்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்ற பிள்ளை குளிசையை நீட்டிச் சிங்களத்தில் ‘கேமட்ட பஸ்ஸே’ என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு அதில் விளங்கியது பஸ் மட்டும்தான். விடிய எங்கள் ஊரால் முதல் பஸ் போகும், அது போன பிறகு போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் பஸ் சத்தம் கேட்டதும் வெறும் வயிற்றில் போட்டு வந்திருக்கிறா. வயிற்றைப் பிரட்டி, சத்தியெடுத்து, இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்தி, குளிசைகளைப் பிஸ்கட் ரின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டா. 3 மாதம் கழித்துக் காலில் புண் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். தம்பி இதை இனத் துவேசம் என்கிறான். என் வீட்டுக்காரர், அந்த டொக்டரைப் போய்த் துவேசம் பிடித்தவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு மகள், மூதூர்ப் பக்கம்

பதில்: சண்டை இருக்கட்டும் தங்கச்சி, முதலில் அம்மாவின் கால். சீனி உள்ளவரின் காலில் வந்த புண்ணை வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்காமல் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் இன்றைக்கே காட்டுங்கள், செருப்பில்லாமல் முற்றத்தில்கூட நடக்க விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மெற்போமின், சீனிக்குப் போடுகிற குளிசை. வெறும் வயிற்றில் போட்டால் பலருக்கு அது வயிற்றைக் குழப்பும், வயிற்றாலும் போகும், சாப்பாட்டோடு போட்டால் அநேகமாகத் தொல்லை குறையும். ‘கேமட்ட பஸ்ஸே’ என்று அந்தப் பிள்ளை சொன்னதும் அதைத்தான், சாப்பாட்டுக்குப் பிறகு. 3 மாதம் நிறுத்தியதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அவர்கள் பார்ப்பார்கள்.

சரி, இப்போது வழக்கு. தம்பியும் சரி, வீட்டுக்காரரும் சரி. துவேசம் என்ற சொல் ஒரு வம்பு பிடித்த சொல், அதைக் கேட்டவுடனே நாங்கள் ஒரு ஆளைத் தேடத் தொடங்குவோம். யார் முறைத்தது, யார் ஏசியது, யார் கொப்பியைத் தூக்கி எறிந்தது. ஆள் அகப்படாவிட்டால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று வழக்கை மூடிவிடுவோம். உங்கள் கதையில் ஆள் இல்லை. ஆனால் அம்மாவின் காலில் புண் இருக்கிறது, அது வந்த வழியும் தெரிகிறது.

அந்த ஜன்னலுக்குக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். குளிசை போட்டுத் தந்த கடுதாசி உறையில் இருந்த மூன்று வரியும் சிங்களத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அச்சடிக்கக் கொடுத்தவர் தமிழை வேண்டுமென்றே விட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, போன வருசத்து உறையைக் காட்டி இதே மாதிரி அடித்துத் தா என்று சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது, பள்ளிக்கூடத்தில் ஒருவரும் ஒழுங்காகப் படிப்பித்திருக்க மாட்டார்கள். மொழிபெயர்க்க ஒரு ஆளைப் போடலாம்தான், ஆனால் அப்படி ஒரு பதவி இருந்தால்தான் ஆள் போடலாம், யாராவது கேட்டால்தான் பதவி வரும், தமிழ் நோயாளர்களுக்குக் கஷ்டம் என்று முறைப்பாடு வந்தால்தான் யாராவது கேட்பார்கள், அந்த முறைப்பாட்டுப் புத்தகமோ சிங்களத்தில் கிடக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் உங்கள் அம்மாவை வெறுக்கிற ஒருவர் தேவையில்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டார்கள், 1987இல் 13ஆவது திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி என்றது. அரசியலமைப்பு மாறி எவ்வளவோ காலம், கடுதாசி உறை மாறவில்லை.

தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடைசி வாய்க்காலில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் போவதற்கு, மதகடியில் நிற்கிறவன் உங்களோடு கோபமாக இருக்க வேண்டும் என்றில்லை. வாய்க்காலை முதலில் யார், யாருடைய வயலைப் பார்த்து வெட்டினார்கள் என்பதுதான் கதை. மதகடியில் நிற்கிறவன் நல்லவனாக இருந்தால் உங்களைப் பார்த்துச் சிரிப்பான், அந்தச் சிரிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

கேள்வி: ஆஸ்பத்திரிக்குப் போக ரோட்டு இல்லை என்றாலும் துவேசம் என்கிறீர்கள். ரோட்டு இல்லாதது ரோட்டுப் பிரச்சினை, அதை ஏன் இனப் பிரச்சினை ஆக்குகிறீர்கள்?
– வெருகல்

பதில்: எல்லாவற்றையும் ஆக்கவில்லை. கந்தளாய்க்கு உள்ளே போனால் ரோட்டில்லாத சிங்களக் கிராமமும் இருக்கிறது, அங்கேயும் பிள்ளைத்தாய்ச்சியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தவன். ஆனால் எங்கள் மாவட்டத்தில் எந்த ஊருக்கு எப்போது பாலம் வந்தது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள், அதுவரை பாதைப் படகு. இரவில் பிள்ளைப்பேற்றுக் குத்து வந்த பெண் அக்கரையில் நின்றால் படகுக்காரன் எழும்புகிற நேரம்தான் அவளுக்கு வைத்திய நேரம். பிறகும் 2021 நவம்பரில், பாலம் கட்டிக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள். யுத்தம் நடந்த இடம், அதனால் பிந்தியது என்பார்கள். யுத்தம் ஏன் நடந்தது என்று கேட்டால் பதில் திரும்ப மேலே உள்ள கடிதத்துக்கே போகும்.

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினத்தவர்கள் நோயில் அதிகம் இறப்பது ஏழைகள் என்பதால்தானே? பரம்பரைக் காரணம் என்று எங்கள் ரியூசன் சேர் சொன்னார். இதில் இனவாதம் எங்கே வருகிறது?
– ஏ.எல். மாணவன், உவர்மலை

பதில்: நல்ல கேள்வி தம்பி, பாதி விடையும் உன்னிடமே இருக்கிறது. காசில்லாதது ஒரு காரணம்தான். ஆனால் காசும் படிப்பும் வந்தால் வித்தியாசம் மறைய வேண்டுமே, மறைகிறதா?

2007 முதல் 2016 வரையான பிள்ளைப்பேற்று மரணங்களை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்துப் பார்த்தது. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் மரண வீதம், பட்டம் பெற்ற வெள்ளைப் பெண்களைப் போல 5.2 மடங்கு. அதைவிட மோசம், பள்ளிக்கூடமே முடிக்காத வெள்ளைப் பெண்ணைவிடப் பட்டம் பெற்ற கறுப்புப் பெண்ணுக்கு ஆபத்து அதிகம். படித்தவளாகப் பார்த்துத் தேடிப் பிடிக்கிற பரம்பரை எது என்று உங்கள் சேரிடம் கேட்டுப் பார், மரியாதையாகக் கேள்.

செரீனா வில்லியம்ஸை உனக்குத் தெரியும். 2017இல் பிள்ளை பிறந்த மறுநாள் அவருக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம். அதற்கு முன்பே நுரையீரலில் இரத்தக் கட்டி வந்த ஆள், தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியும், ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வலி மருந்தில் உளறுகிறார் என்று நினைத்தாராம் நேர்ஸ். விடாமல் நின்று கேட்டதால் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி இருந்தது. உலகத்திலேயே பெயர் பெற்ற ரென்னிஸ்காரி, காசுக்கும் குறைவில்லை, அவருக்கே விடாமல் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு வீடு. 1930களில் அந்த நாட்டு அரச நிறுவனம் ஒன்று நகரங்களை வரைபடம் போட்டு, எங்கே வீட்டுக்கடன் கொடுத்தால் ஆபத்து என்று நிறம் தீட்டியது. கறுப்பர்கள் குடியிருந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. கடன் இல்லை, ஆகவே வீடு திருத்த ஏலாது, விலை ஏறாது, தொழிற்சாலையும் பெரிய ரோட்டும் அந்தப் பக்கமாகவே போடப்படும், மரம் நடப்படாது. 1968இல் வீட்டுப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தார்கள். ஆனாலும் பல நகரங்களில் அந்தச் சிவப்புப் பகுதிகள் இன்றும் மற்ற இடங்களைவிடச் சூடு கூடியவை. வரைபடம் தீட்டியவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள், பிள்ளைகளுக்கு முட்டு இழுப்பது நிற்கவில்லை.

நம்பிக்கை என்பது இன்னொன்று. அலபாமாவில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1932இலிருந்து 1972வரை, சிபிலிஸ் நோய் உள்ள 399 கறுப்பின ஆண்களை மருந்து கொடுக்காமல் வைத்து நோய் எப்படிப் போகிறது என்று அரச சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. 1947 அளவில் பெனிசிலின் வழக்கமான மருந்தாக வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஜனாதிபதி கிளின்ரன் மன்னிப்புக் கேட்டது 1997இல். அந்தச் சனத்தைப் பார்த்து ஏன் தடுப்பூசி போடப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பது சுகம்.

கேள்வி: கொரோனா நேரம் வாங்கிய, விரலில் மாட்டுகிற ஒக்சிசன் பார்க்கும் கருவி வீட்டில் இருக்கிறது. கறுத்த ஆட்களுக்கு அது பிழையாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா? நான் நல்ல கறுப்பு.
– திருக்கடலூர்

பதில்: உண்மைதான், ஆனால் கருவியைக் கடலில் எறிந்துவிடாதீர்கள். அது விரலுக்குள்ளால் ஒளியை விட்டு, எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. தோலின் கறுப்பும் கொஞ்சம் ஒளியைக் குடிக்கும். இந்தக் கருவிகளைச் சரிபார்த்தபோது விரல் நீட்டியவர்களில் அநேகர் வெள்ளைத் தோல்காரர், ஆகவே கணக்கு அவர்களுக்கு ஒத்துப்போகிறது. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு இதைக் காட்டியது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88க்குக் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரில் 100க்கு 3.6, கறுப்பரில் 11.7. அதாவது மூச்சுக்குத் தவிக்கிற ஒருவரைப் பார்த்து, நீ நல்லாயிருக்கிறாய், வீட்டுக்குப் போ என்று கருவி சொல்லும்.

முதல் கடிதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. பிளாஸ்ரிக் துண்டுக்கு என்ன துவேசம்?

நீங்கள் செய்ய வேண்டியது: சுகமாக இருக்கும்போது உங்கள் எண் என்ன என்று எழுதி வையுங்கள், வருத்தம் வந்தால் அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். விரல் குளிராக இருக்கக்கூடாது, நகத்தில் பூச்சு இருக்கக்கூடாது. மூச்சு முட்டினால் எண் 97 என்று நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதோடு ஒன்று, தோல் சிவந்திருக்கிறதா என்று புத்தகத்தில் படித்துவிட்டுக் கேட்கிற இளம் டொக்டர்மாரிடம், என் தோல் சிவக்காது பிள்ளை, தொட்டுப் பார், சூடாக இருக்கிறது என்று சொல்லப் பழகுங்கள். அவரும் உங்களைப் போலக் கறுப்பாகத்தான் இருப்பார், படித்த புத்தகத்தில் இருந்த படம்தான் வெள்ளைக்காரனுடையது. செங்கண்மாரி பார்க்கக் கண்ணின் வெள்ளை, இரத்தக் குறைவு பார்க்கக் கண் இமையின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை.

கேள்வி: 2020இல் கொரோனாவில் இறந்த எங்கள் முஸ்லிம் சனத்தின் ஜனாசாக்களை, அதாவது உடல்களை, எரித்தது சுகாதார முடிவு என்றார்கள். இப்போதும் ஆஸ்பத்திரி என்றால் எங்கள் உம்மாவுக்குக் கை நடுங்குகிறது. இதற்கு மருந்து உண்டா?
– கிண்ணியா

பதில்: மருந்து இல்லை தம்பி, நடந்ததை நடந்தபடி சொல்வது கொஞ்சம் உதவலாம். கொரோனாவில் இறந்தவரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது, நிலத்தடி நீர் கெடும் என்று இங்கே எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள், பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட விடவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்த மாதங்களில் இரவு ஒன்பது மணிக்குப் பின் என் வீட்டுப் படலையைத் தட்டியவர்கள் உண்டு. வாப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் ஏதாவது தர ஏலுமா என்று. நான் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி, மருந்தகத்தில் மருந்து கொடுத்தவன், என்னிடம் ஒக்சிசனா இருக்கிறது? போங்கள் என்று சொன்னேன், சிலர் போனார்கள், சிலர் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். உயிரோடிருக்கிறவரை ஆஸ்பத்திரிக்கு வரவிடாமல் செய்த ஒரு விதிக்குச் சுகாதாரம் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் எரிப்பது வழமை, அதனால் எங்களில் பலருக்கு அப்போது அது உறைக்கவே இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: நாங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். மகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று மிட்வைப் அம்மா சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, ‘உங்கட ஆக்கள் கட்டைதானே, அது ரத்தம்’ என்கிறா.
– பாலையூற்று

பதில்: அந்த அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். மிட்வைப் அம்மா கொப்பியில் காட்டிய வளைகோடு இருக்கிறதே, அது உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 6 நாட்டுப் பிள்ளைகளை அளந்து 2006இல் வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான வீடும் கிடைத்த பிள்ளைகள், எந்த நாடானாலும் முதல் 5 வயதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். அதில் ரத்தத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

2016ஆம் ஆண்டு சனத்தொகை சுகாதார ஆய்வில், இலங்கை முழுவதும் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் 100க்கு 32. ஏன் என்று கேட்டால் 1948இல் இருந்து தொடங்க வேண்டும், தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததில் இருந்து. குடிமகன் இல்லாதவனுக்கு வாக்கில்லை, வாக்கில்லாதவனின் லயத்துக்கு, அந்த வரிசை வீட்டுக்கு, தண்ணீர்க் குழாய் கேட்டு எந்த எம்.பி. கத்துவான்? வைத்தியமும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில், நாட்டின் மற்ற இடங்களுக்கு வந்த இலவச ஆஸ்பத்திரி அந்த மலைக்குப் பிந்தித்தான் ஏறியது. கொழுந்து பறித்துக்கொண்டே வயிற்றில் சுமந்த பிள்ளை நிறை குறைந்து பிறக்கும், பெண் பிள்ளையென்றால் குட்டையாக வளர்ந்து, அதுவும் நிறை குறைந்த பிள்ளையைப் பெறும். மூன்று தலைமுறை போனால் பார்க்கிறவர்களுக்கு அது ரத்தம்போலத் தெரியும்.

‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை இந்தத் திருகோணமலையில், தமிழர் வாயால், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நானே கேட்டிருக்கிறேன். மகளுக்கு முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை, ஒவ்வொரு மாதமும் நிறையும் உயரமும். கிளினிக்கைத் தவறவிடாதீர்கள், அக்காவைத் தவறவிடலாம்.

கேள்வி: முறைப்பாடு எழுதினால் அடுத்த கிளினிக்கில் பழிவாங்க மாட்டார்களா?
– பெயர் ஊர் வேண்டாம்

பதில்: தனியாக எழுதினால் பயமாகத்தான் இருக்கும். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலோ, கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தின் பெயரிலோ எழுதுங்கள். ஆளைத் திட்டாமல் திகதி, நேரம், எந்த ஜன்னல், எந்த உறை என்று எழுதி, உறையின் போட்டோப் பிரதியை இணையுங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழு இதற்கென்றே இருக்கிறது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பதில் வரச் சுணங்கும். இன்னொரு பிரதி அனுப்புங்கள்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, எங்கள் ஆட்கள் சிங்களத்தைப் படித்துவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?
– ஆனந்தபுரி

பதில்: படியுங்கள், நல்லது, நானும் படித்தவன்தான். அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த தமிழன் சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள ஏற்றம் என்று இருந்த காலம். பாஸ் பண்ணினேன். கடிதம் வரைவது, சுற்றறிக்கை வாசிப்பது எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சிங்களக் கிராமத்து மருந்தகத்தில் என்னைப் போட்டார்கள், முதல் மாதமே தொண்டைப் புண்ணோடு ஒரு கிழவி வந்தா. கொப்பளிக்கிற மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன், கொப்பளிப்பதற்குச் சிங்களத்தில் என்ன என்று சோதனையில் வரவில்லை, கையால் தொண்டையைக் காட்டி ஏதோ சொன்னேன். கிழவி முழுப் போத்தலையும் மூன்று நாளில் குடித்து முடித்துவிட்டா.

நல்ல காலம், சத்தியோடு போயிற்று. ஆனால் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த ஊர் விகாரையில் கூட்டம் வைத்து ஒரு கடிதம் எழுதினார்கள், என்னில் கோபமில்லை, மருந்து கொடுக்கிற இடத்தில் எங்கள் பாஷை தெரிந்த ஆள் வேண்டும் என்று மட்டும். இரண்டு மாதத்தில் சிங்களம் பேசுகிற உதவியாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். கேட்டது நியாயம், கிடைத்ததும் நியாயம். அதற்கு முன்னும் பின்னும் நான் இருந்த தமிழ் ஊர் மருந்தகங்கள் இரண்டில் தமிழ் தெரியாத டொக்டர்மார் வந்து போனார்கள், அதே மாதிரிக் கடிதங்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒன்றுக்கு ஐந்தாவது வருசம் பதில் வந்தது, மற்றது நான் ஓய்வுபெறும்வரை வரவில்லை.

அந்தக் கிழவியை ஆச்சி என்றுதான் கூப்பிட்டேன், அவர்களுக்கும் ஆச்சி ஆச்சிதான். அடுத்த கிளினிக்குக்கு ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு வந்து, வெறும் போத்தலை மேசையில் வைத்து, ‘பொன்ன எபா’ என்று எனக்கு இரண்டு தரம் சொல்லித் தந்தா. குடிக்க வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கிருந்து கொப்பளிக்கிற மருந்துப் போத்தல் எல்லாவற்றிலும் அதைச் சிங்களத்திலும் ‘குடிக்க வேண்டாம்’ என்று தமிழிலும் எழுதி ஒட்டினேன், கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது.